குடல் தள்ளிய மாப்பிள்ளையும் நானும்

கல்யாணமான முதல் வருடத்தில் நான் அதிகம் பார்த்தது என் கணவரின் முகத்தை இல்லை, எங்கள் குளியலறைக் கதவைத்தான். டெல்லி துவாரகாவில் ஐந்தாவது மாடியில் எங்கள் வீடு. காலை ஆறரைக்கு அவர் உள்ளே போவார். நான் மாவு பிசைந்து, சப்பாத்தி போட்டு, இரண்டு பேருக்கும் டப்பா கட்டி, தலை பின்னி முடிக்கும்வரை வரமாட்டார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும், நிற்கும், மறுபடி கேட்கும். நடுநடுவே யாரிடமோ ரகசியமாகப் பேசுவது போல ஒரு முணுமுணுப்பு. போனையும் உள்ளே கொண்டுபோவது வழக்கம்.

கதவைத் தட்டினால், "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று குரல் வரும். ஆள் வர இன்னும் கால் மணி நேரம் ஆகும். வரும்போது முகம் வெளுத்து, நெற்றி வியர்த்திருக்கும். ஜனவரி மாதத்து டெல்லியில், கீசர்கூடப் போடாத குளியலறையிலிருந்து ஒரு மனிதன் வியர்த்துக்கொண்டு வெளியே வந்தால் மனைவி என்ன நினைப்பாள்? நானும் நினைத்தேன். கற்பனைக்கு எனக்கு எப்போதுமே பஞ்சமில்லை.

நான் டெல்லியில் பிறந்தவள். அப்பாவுக்கு மத்திய அரசு வேலை, இப்போது ஓய்வுபெற்று துவாரகாவுக்கே வந்துவிட்டார். மோதி பாக் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, அங்கேயே தமிழ்ப் பள்ளியில் படித்தேன். இப்போது லோதி ரோடு பக்கம் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை. அவர் தூத்துக்குடிக்காரர். குர்கானில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்கு வந்தவர். இரண்டு வீடும் ஒரே கிறிஸ்தவ வேதம், ஒரே சாதி, ஜாதகம் பார்க்கிற வேலை மிச்சம் என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்த அன்று என் அம்மா எத்தனை முறை வற்புறுத்தியும் அவர் சோபாவில் சாய்ந்து உட்காரவில்லை, நுனியிலேயே இருந்தார். அடக்கமான பையன் என்று அம்மா பூரித்துப் போனார்.

கெட்ட மனிதர் என்று சொல்ல ஒரு காரணமும் கிடையாது. துணி காயப்போடுவார், ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பாலில் சொதி வைப்பார், நான் இந்தியில் சண்டை போடும்போது புரியாத மாதிரி தலையாட்டிக்கொண்டு நிற்பார். ஆனால் எங்கும் வரமாட்டார். சினிமாவா, தலைவலி. ஆக்ராவா, ஆபீஸ் வேலை. மெட்ரோவில் இடம் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார். நான் நெருங்கினால் ஒதுங்குவார். ஒதுங்கிவிட்டு அவரே வருத்தமாக முகத்தை வைத்துக்கொள்வார். கேஸ் சிலிண்டர் வந்தால், கொண்டுவரும் ஆளைக் கெஞ்சி சமையலறை வரைக்கும் உருட்டவைப்பாரே தவிர, தான் கை வைக்கமாட்டார். இப்படி ஒரு சோம்பேறியா என்று முதலில் நினைத்தேன். பிறகு சோம்பேறித்தனம் போய் இன்னொருத்தி வந்தாள்.

அந்த இன்னொருத்திக்கு நான் ஒரு முகமே வரைந்து வைத்திருந்தேன். தூத்துக்குடியில் வேலைக்குப் போகிறவள், வீட்டில் ஒத்துக்கொள்ளாமல் போனவள், காலையில் குளியலறையிலிருந்து போன் செய்தால் எடுப்பதற்கென்று எழுந்து உட்கார்ந்திருப்பவள். அவளோடு மனதுக்குள் பல தடவை பேசி, பல தடவை ஜெயித்திருக்கிறேன். கடைசியில், செப்டம்பரில் மாதா கோயில் திருவிழா முடியட்டும், பிறகு இரண்டு செக்டர் தள்ளியிருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தேன். திருவிழாவுக்கு முன்னால் போனால் கோயிலில் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கள் கோயில் திருவிழாவில் ஒரு பழக்கம் உண்டு. மாதா சொரூபத்தை வைத்து அலங்கரித்த மரச் சப்பரத்தை ஆட்கள் தோளில் தூக்கி, தெருவைச் சுற்றி வருவார்கள். ஊரில் என்றால் தூக்க ஆள் போட்டி போடும். இங்கே தமிழ் ஆட்கள் நொய்டாவில் ஒருவர், குர்கானில் ஒருவர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் ஷிப்ட் இருக்கும். அதனால் எப்போதோ யாரோ ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள்: அந்த வருடம் கல்யாணமான புதுமாப்பிள்ளைகள்தான் முன்கட்டையைத் தூக்க வேண்டும். லீவு கிடைக்கவில்லை என்று புதுமாப்பிள்ளையால் சொல்ல முடியாது, மாமியார் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வருடம் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில், புதுமாப்பிள்ளை இவர் ஒருவர்தான். அம்மா ஜூலை மாதமே எல்லோரிடமும் சொல்லிவிட்டார், இவருக்கென்று வெள்ளை வேட்டி சட்டையும் வாங்கியாகிவிட்டது.

அன்றைக்கு வேட்டி சட்டையெல்லாம் போட்டுக்கொண்டுதான் வந்தார். பூசை முடிந்து, சப்பரத்தைச் சுற்றி ஆட்கள் நின்றதும், "அத்தே, எனக்கு முதுகு வலியா இருக்கு. தூக்க முடியாது" என்றார்.

"அரே, முதுகு வலியா? ரெண்டு தெரு தானே மாப்ள. மாதா பாத்துப்பாங்க, ஜல்தி வாங்க."

"இல்ல அத்தே. மன்னிச்சிருங்க."

அப்பா இரண்டு தடவை கேட்டார். பங்குச்சாமியார் ஒரு தடவை கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டு மாட்டேன் என்றார். பின்னாலிருந்து ஒரு மாமி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏன், மாப்பிள்ளைக்குத் தோள் தேஞ்சா போயிடும்?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். கல்யாணமாகிப் பல வருடமான, தொந்தி வைத்த ஒரு வங்கிக்காரர் முன்கட்டைக்குத் தோள் கொடுத்தார். இவர் கையில் மெழுகுவர்த்தியோடு பெண்கள் வரிசைக்கும் பின்னால் நடந்துவந்தார். அம்மா வழி முழுக்க என்னை விட்டுத் தள்ளியே நடந்தார். எனக்கு அவமானம் காதுவரை எரிந்தது.

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் கதவைத் திறக்கச் சாவி தேடினேன். என் பையில் இல்லை. அவர் லிப்ட் பக்கமே தயங்கி நின்றுகொண்டிருந்தார். அவருடைய பையை வாங்கிக் கையை விட்டேன். சாவி அகப்பட்டது. சாவியோடு சேர்ந்து இன்னொன்றும் அகப்பட்டது. பெண்கள் மாதவிலக்குக்கு வைக்கிற நாப்கின் பாக்கெட், பிரித்து பாதி தீர்ந்தது. நான் வாங்குகிற கம்பெனி இல்லை.

நிதானமாகக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, பாக்கெட்டைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தேன். மாதக்கணக்காகத் தேடிய சாட்சி தானாக வந்து கையில் விழுந்திருந்தது. அம்மா முன்னால் அவரை 'நீங்க' என்பேன். தனியாக இருக்கும்போதும் அப்படித்தான். அன்றைக்கு மரியாதை எல்லாம் பறந்துவிட்டது.

"இது யாருக்கு வாங்கின?"

அவர் பாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எனக்குத்தான்."

"பொய் சொல்றதுக்கும் ஒரு தகுதி வேணும்" என்றேன். "உனக்கு அதுகூட இல்ல. யார் அவ?"

"எவ?"

"காலைல பாத்ரூம்ல உக்காந்து பேசுவியே, அவ!"

அவர் பால்கனிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடியே பேசினார். அப்படித்தான் அவரால் சொல்ல முடிந்தது.

"எனக்குக் குடல் தள்ளும்."

எனக்குப் புரியவில்லை.

"வெளிக்கிப் போனா குடல் வெளிய வந்துரும். பின்னால. காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தே இருக்கு. முன்னெல்லாம் தானா உள்ள போயிரும். இப்போ கையால தள்ளணும். தள்ளினாலும் நிக்க மாட்டேங்கு. கனம் தூக்குனா வருது, ரொம்ப நேரம் நடந்தா வருது. சில நேரம் தும்முனாகூட வருது. ஈரமா கசிஞ்சிக்கிட்டே இருக்கும். அதுக்குத்தான் அது." கையை மட்டும் பின்னால் நீட்டி மேசையைக் காட்டினார். "சப்பரத்தத் தூக்கினா அவ்வளவு பேருக்கு முன்னால வெளிய வந்துரும். வேட்டி வேற."

"அப்போ உள்ள யார்கிட்டப் பேசுற?"

"யார்கிட்டயும் பேசல. அது உள்ள போற வரைக்கும் 'அருள்நிறைந்த மரியே' செபம் சொல்லுவேன்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது என்று தெரியும். ஆனால் அந்தத் தூத்துக்குடிக்காரி, நான் முகம் வரைந்து வைத்திருந்தவள், ஒரு நொடியில் ஆவியாகிப் போனாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் மாதா இருந்தார். சிரிப்பு நிற்காமல் அழுகையாக மாறியது. அவர் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். என் புருஷனுக்கு இன்னொருத்தி இல்லை, குடல்தான் தள்ளுகிறது என்ற நினைப்பில் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? அன்றைக்கு டெல்லியில் என்னைவிட நிம்மதியான பெண் யாரும் இருந்திருக்கமாட்டாள்.

சந்தோஷம் அடங்கியபின்தான் கோபம் வந்தது. அது முந்தைய கோபத்தைவிடப் பெரியது. இன்னொருத்தி இருந்தால், சரி, அவளிடம் தோற்றேன் என்று போயிருக்கலாம். இங்கே யாருமே இல்லை. ஒரே வீட்டில், ஒரே தட்டில் பகிர்ந்து சாப்பிட்டுக்கொண்டு, இந்த மனிதர் தினமும் காலையில் தனியாக அவஸ்தைப்பட்டுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறார். என்னிடம் சொல்வதைவிட, ஊர் சிரிக்க நிற்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்ல? கட்டிட்டு வந்தவகிட்ட மொதப் பேச்சே இதையா பேச?"

குடலைத் தைக்க டாக்டர் இருப்பார். வாயைத் திறக்க வைக்க எந்த டாக்டரிடம் கூட்டிப்போவது? அம்மா வீட்டுக்குப் போகிற திட்டத்தை அன்றைக்கே கைவிட்டேன். ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் புகுந்துவிட்டது. இந்த மனிதர் எதையும் என்னிடம் சொல்லமாட்டார், எல்லாவற்றையும் நானே பையில் கையை விட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றால், இப்படி ஒரு குடித்தனத்தை எத்தனை நாள் நடத்துவது?

அவர் இத்தனை வருடமும் அதை மூலம் என்றே நினைத்திருந்தார். ஊரில் கருணைக்கிழங்கு லேகியம் சாப்பிட்டிருக்கிறார், துத்திக்கீரை சாப்பிட்டிருக்கிறார். டெல்லிக்கு வந்தபின், ரயில் பாதை ஓரத்துச் சுவர்களில் பெரிய எழுத்தில் மூலத்துக்கு விளம்பரம் எழுதியிருக்குமே, அதைப் பார்த்து ஒரு வைத்தியரிடம் போயிருக்கிறார். அந்த ஆள் பார்க்கக்கூட இல்லையாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு டப்பா சூரணத்தைக் கொடுத்து, மிளகாய் சாப்பிடாதே என்று அனுப்பிவிட்டார். தூத்துக்குடிக்காரரிடம் போய் மிளகாய் சாப்பிடாதே என்றால்! அதையும் கேட்டு நடந்திருக்கிறார் பாவம்.

நான் அவரை ஒரு பெரிய மருத்துவமனைக்கு, அதற்கென்றே உள்ள அறுவை சிகிச்சை டாக்டரிடம் அழைத்துப்போனேன். நரைத்த தாடியும் உரத்த குரலுமாக ஒரு பஞ்சாபிக்காரர். விவரத்தைக் கேட்டுவிட்டு, "பாத்ரூம்ல போய்க் குந்தி உட்கார்ந்து முக்கு. வெளியே வந்ததும் கூப்பிடு" என்றார் இந்தியில். இவர் என்னை வெளியே இருக்கச் சொன்னார். போய் நின்றேன். திரும்பக் கூப்பிட்டபோது டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு உற்சாகமாக இருந்தார்.

"மூலமே இல்லை. மூலம் என்றால் கட்டி கட்டியாகத் தனித்தனியாக நிற்கும். இது சுற்றிச் சுற்றி வளையம் வளையமாக இருக்கிறது. மலக்குடல் முழுச் சுவரோடு வெளியே வருகிறது. சாக்ஸைக் கழற்றும்போது உள்பக்கம் வெளியே திரும்புமே, அது மாதிரி."

பிறகு சோதனைகள். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள், வேறு கோளாறு இல்லை. இன்னொரு சோதனையில் உள்ளே ஜெல்லியை வைத்து, ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, மைக்கில் 'முக்கு, நிறுத்து, முக்கு' என்றார்களாம். இத்தனை வருடம் ஒளித்து ஒளித்துச் செய்ததை இப்போது மைக்கில் சொல்லிச் செய்யச் சொல்கிறார்களே என்று வெளியே வந்து சொன்னார். அவராகச் சொன்ன முதல் விஷயம் அது. நான் சிரிக்காமல் கேட்டுக்கொண்டேன்.

மறுபடி டாக்டரிடம் போனபோது இவர் என்னை வெளியே இருக்கச் சொல்லவில்லை. நானும் கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டார். வயதானவர்கள் என்றால், மயக்க மருந்தைத் தாங்கமாட்டார்கள் என்றால், கீழ் வழியாகவே செய்து முடிப்பது உண்டு, ஆனால் அது திரும்ப வர வாய்ப்பு அதிகம். இவர் சின்ன வயது, இன்னும் எத்தனையோ வருடம் அந்தக் குடலோடு வாழ வேண்டியவர். அதனால் வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா வழியாகக் குடலை மேலே இழுத்து, ஒரு வலைத் துண்டை வைத்துப் பின்பக்க எலும்போடு தைத்துவிடலாம். செய்யாமல் விட்டால் வருடம் போகப் போகச் சுருக்குத் தசை தளர்ந்து, மலத்தை அடக்க முடியாமல் போகும்.

"ஒரு விஷயம்" என்று குரலைத் தாழ்த்தினார். அவருக்குத் தாழ்ந்த குரலும் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. "குடலுக்குப் பின்னால் சில நரம்புகள் போகின்றன. இளம் வயது ஆண்களுக்குத் தாம்பத்தியத்துக்கு அவை முக்கியம். நான் முன்பக்கம் மட்டும்தான் பிரிப்பேன், பின்பக்கம் தொடமாட்டேன். ஆபத்து குறைவு. ஆனால் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன்."

என் கணவர் தரையைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. சரி என்று தலையாட்டப் போகிறார் என்று தெரிந்தது.

"டாக்டர் சாப்" என்றேன் நான். "எங்களுக்குக் குழந்தை இல்லை. இனிமேல்தான். ஏதாவது ஆகிவிட்டால் என்ன வழி?"

டாக்டர் என்னைப் பார்த்து, "அச்சா சவால் ஹை" என்றார். கேள்வி நன்றாக இருக்கிறதாம். வேண்டுமானால் முன்கூட்டியே விந்தணுவைச் சேமித்து வைக்கலாம், பலர் அப்படிச் செய்கிறார்கள் என்று விளக்கினார். நான் மேலும் மேலும் கேட்டேன். அவரும் சளைக்காமல் பதில் சொன்னார். கடைசியில் இவரைப் பார்த்து, "நான் தைத்துவிடுவேன். அதற்குப் பிறகும் நீ போனை வைத்துக்கொண்டு உள்ளே மணிக்கணக்காக உட்கார்ந்து முக்கினால், என் தையலை நீயே பிரித்துவிடுவாய்" என்றார்.

வராந்தாவில் நடந்துகொண்டிருக்கும்போது இவர் என் கையைப் பிடித்தார். வெளியிடத்தில் அப்படிப் பிடிக்கிற ஆள் இல்லை.

"நல்லவேள நீ கேட்ட. நான் மட்டும் வந்திருந்தா கேக்காமலே எல்லாம் முடிஞ்சிருக்கும்."

விந்தணுவைச் சேமித்து வைத்தோம். என்ன ஆனாலும் சரி, செய்துகொள்வது என்று இரண்டு பேருமாக முடிவெடுத்தோம். அந்த இரண்டு பேருமாக என்பது எனக்குப் பிடித்திருந்தது.

என் வீட்டில் மட்டும் ஹெர்னியா என்று சொல்லச் சொன்னார். அவருடைய உடம்பு, அவர் இஷ்டம் என்று நானும் ஒத்துக்கொண்டேன். அம்மாவுக்கு அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. "ஹாய் ராம்" என்று மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்தே சொன்னார். "இதோடயா சப்பரம் தூக்கச் சொன்னோம்? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா மாப்ள?" அன்றே போனை எடுத்து, தோள் தேயுமா என்று கேட்ட மாமியில் தொடங்கி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தன் மாப்பிள்ளை எவ்வளவு வலியோடு மெழுகுவர்த்தி பிடித்து நடந்தார் என்று சொன்னார். ஒரே வாரத்தில் இவர் எங்கள் பங்கில் பாதிப் புனிதராகிவிட்டார்.

ஆபரேஷன் நாளன்று, உள்ளே கூட்டிப்போவதற்கு முன், பச்சை அங்கியில் படுத்திருந்தவர் மோதிரத்தையும் போனையும் என்னிடம் கொடுத்தார். கேட்காமலே பாஸ்வேர்டையும் சொன்னார். உள்ளே போனதும் நான் அதைத் திறந்து பார்த்தேன். பார்க்காமல் இருக்க நான் என்ன புனிதையா? சாமியாரிடம் பாவச்சங்கீர்த்தனம் செய்து சொல்கிற மாதிரி எதுவும் இல்லை. டெல்லி மேப்பைத் திறந்தால் மட்டும் ஊர் முழுக்க நட்சத்திரக் குறிகளாக இருந்தன. ஒன்றைத் தொட்டேன், பெட்ரோல் பங்க். இன்னொன்று, ஒரு மால். எல்லாம் கழிப்பறை உள்ள இடங்கள். நான் பிறந்து வளர்ந்த ஊரை அவர் இப்படிப் பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறார். ஆக்ராவுக்கு வரமாட்டேன் என்றதற்கெல்லாம் மன்னித்துவிட்டேன்.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்து, "பதியா, பிரமாதம். ஆபரேஷன் ரொம்ப நன்றாக முடிந்தது" என்றார். நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த சில நாட்கள் வார்டில் எல்லோரும் காத்திருந்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். வயிற்றில் நிரப்பிய காற்றால் அவருக்குத் தோள்பட்டை வலித்தது, கஞ்சி பிடிக்கவில்லை, ஆனால் அவர் பயந்ததெல்லாம் முதல் தடவை கழிப்பறைக்குப் போவதற்கு. போக மருந்து கொடுத்தும், வரவில்லை என்று தள்ளிப்போட்டார். கடைசியில் ஒரு காலையில், மலையாளி நர்ஸ் ஒருவர் அதட்டி அனுப்பிவைத்தார். நான் கட்டிலருகே நின்றேன். உள்ளே சத்தமே இல்லை. முணுமுணுப்புகூட இல்லை.

பிறகு வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கத்தல்.

"ஏய்! வெளிய வரல! குடல் வெளிய வரல!"

பக்கத்துக் கட்டிலில் மாமனாருக்குத் துணையாக இருந்த ஹரியானாக்காரப் பெண் திடுக்கிட்டு, என்ன ஆயிற்று என்றாள். இந்தியில் எடுத்துச் சொன்னேன். ஏதோ ஆண் குழந்தை பிறந்த மாதிரி முகம் மலர்ந்து, "பதாயி ஹோ!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நானும் வெட்கமில்லாமல் வாழ்த்தை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபின் எங்கள் வாழ்க்கை இசப்கோல் வாழ்க்கையாகிவிட்டது. ராத்திரி படுக்கப்போகுமுன் மலம் இளக்கும் அந்த உமியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். காலடியில் வைக்க ஒரு குட்டி ஸ்டூல் வாங்கினோம். போனுக்குக் குளியலறையில் தடை. கனம் தூக்கக் கூடாது என்று சில மாதம் விதித்திருந்ததால் தண்ணீர் கேனும் சிலிண்டரும் என் பொறுப்பு; நான் உருட்டுவதைப் பார்த்து, "முக்காத, மூச்ச விட்டுக்கிட்டே தள்ளு" என்று எனக்கே பாடம் எடுப்பார். மருத்துவமனையில் இடுப்புத் தசைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்ணிடம் கற்றுக்கொண்டது. எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. சில நாள் மலச்சிக்கல் வந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். தும்மல் வந்தால் இன்னமும் பழைய ஞாபகத்தில் சுவரைப் பிடித்துக்கொள்வார். டாக்டர் பயமுறுத்திய நரம்புகள் நலமாக இருக்கின்றன. இதற்கு மேல் எழுதமாட்டேன், என் அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.

இரண்டாம் மாதத்தில் சினிமாவுக்குப் போனோம். நடு வரிசையில், நடு இருக்கையில், இடைவேளைக்குக்கூட எழுந்திருக்காமல் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். படம் மகா மட்டம். எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒவ்வொரு காலையும் சமையலறை வாசலில் வந்து நின்று அறிக்கை வாசிப்பார். எவ்வளவு நேரம் ஆனது, எப்படி இருந்தது, நேற்றைய கொய்யாப்பழம் என்ன செய்தது. தோசை வார்க்கிறவளிடம் சொல்கிற விஷயமா அது? ஆனாலும் நான் நிறுத்தச் சொன்னதில்லை. இருந்தும் மனதின் ஒரு மூலையில் அந்தப் பழைய பயம் போகவில்லை. குடல் விஷயத்தில் வாய் திறந்துவிட்டது, சரி. அதுவும் நான் பையில் கையை விட்டதால் திறந்தது. அண்ணனோடு ஊர் நிலத்தில் ஏதோ மனத்தாங்கல் என்பதைப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவருடைய அண்ணி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கேட்டால், "அது ஒண்ணுமில்ல" என்றார். அடுத்த பெரிய விஷயம் வரும்போது இந்த மனிதர் கதவைச் சாத்திக்கொள்வாரா, திறப்பாரா? அது வந்தால்தான் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

வந்தது. மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். நான் அலுவலகத்தில் ஏதோ ஒரு சுற்றறிக்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. வேலை நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை அவர்.

"வேலையா இருக்கியா?"

"சொல்லுங்க."

"என்னய வேலைய விட்டு எடுத்துட்டாவ."

பின்னால் பலர் நடக்கிற சத்தம், லிப்ட் மணி அடிக்கிற சத்தம் கேட்டது.

"எப்போ?"

"இப்பதான். ரூமுக்குள்ள கூப்புட்டுச் சொன்னாவ. வெளிய வந்து நிக்கேன். பையக்கூட இன்னும் எடுக்கல. பயமா இருக்கு."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதுவரை நான் கேட்டதில்லை. ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோதுகூடச் சொல்லவில்லை.

"ஊர்ல சொல்லிட்டீங்களா?"

"யாருக்கும் தெரியாது. உங்கிட்டதான் மொதல்ல சொல்லுதேன்."

வேலை போனது சின்ன விஷயமில்லை. வீட்டு வாடகை, அடுத்த வேலை, அவருடைய வாடிய முகம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் மண்டைக்குள் வந்து வரிசையில் நின்றன. அவை நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவரை மெட்ரோ ஏறி என் ஆபீஸ் பக்கத்து ஜோர் பாக் வரச் சொன்னேன், ஸ்டேஷன் வாசலில் நிற்பதாகச் சொன்னேன். சரி என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மத்தியானம் சாப்பிட ஏதாவது வாங்கலாமா என்றும் கேட்டார்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிர் மேசையில் இருக்கும் பெங்காலி அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகமெல்லாம் சிரிப்பா இருக்கே. நல்ல செய்தியா?" என்று இந்தியில் கேட்டார்.

"ஆமாம்" என்று சொல்லிவிட்டு, அரை நாள் விடுப்பு கேட்கப் போனேன்.